அக்டோபர் கடைசியில் நியூ ஃபாரஸ்ட் காட்டேஜ்: ஐந்து மணிக்கே இருட்டும் ஊரில் ஒரு வாரம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பருவத்தின் நடுவே வரும் அக்டோபர் ஹாஃப்-டெர்ம் விடுமுறையில், வெள்ளி முதல் வெள்ளி வரை, இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டி ஒரு பழைய காட்டேஜ் எடுத்திருக்கிறீர்கள். ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள், கூடவே மூட்டுவலி உள்ள உங்கள் அம்மா. இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும், வேறு என்ன செய்யலாம், எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். அதில் வராத ஒன்று இருக்கிறது: வெளிச்சம். அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலையில் பிரிட்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அது உங்கள் வாரத்தின் நடுவில்தான் வருகிறது. சனிக்கிழமை சூரியன் 5:50 வாக்கில் மறையும், ஞாயிற்றுக்கிழமை 4:50-க்கு முன்பே மறைந்துவிடும். மரங்களுக்கு அடியில் அதற்கு அரைமணி முன்னாலேயே மங்கத் தொடங்கும். "மெதுவாகச் சாப்பிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பலாம்" என்று நினைத்தால் காட்டுக்குள் இரண்டு மணி நேரம்கூட மிஞ்சாது. மறுபக்கம் காலை உங்களுக்குச் சாதகம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் மாறியது தெரியாது, வழக்கமாக ஆறரைக்கு எழுபவள் ஐந்தரைக்கே வந்து கட்டிலருகில் நிற்பாள். அவளோடு சண்டை போடாதீர்கள். 6:45-க்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும், பாலைக் குடிக்க வைத்து ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் காட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், பனிமூட்டம் கலையாமல் கிடக்கும், மான்களும் ஒதுங்கியிருக்காது. மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினாலும் ஒரு முழுநாள் கிடைத்தது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை போய்ச் சேருவதும் இதே கணக்குதான். பெரும்பாலான காட்டேஜ்களில் மாலை நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அலுவலகம் முடித்துக் கிளம்பி எட்டு மணிக்குச் சேரலாம் என்று தோன்றும், வேண்டாம். நாங்கள் முதல்முறை அப்படித்தான் போனோம். கிராமத்தில் ஒரு போஸ்ட்கோடுக்குள் நாலைந்து வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், தெருவிளக்கு கிடையாது, போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. சாவிப்பெட்டி ஹாலி புதருக்குப் பின்னால் இருந்தது. முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது, பிள்ளைகள் காரில் அழுதுகொண்டிருந்தார்கள். வழிக்குறிப்பைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் அன்று அரைநாள் லீவு போட்டுவிடுங்கள்.

சரி, காட்டுக்கு வருவோம். நியூ ஃபாரஸ்ட் என்றதும் அடர்ந்த மரக்காடு என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாறுவார்கள். 1079-இல் முதலாம் வில்லியம் இதைத் தன் வேட்டைநிலமாக அறிவித்தபோது 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லுக்கு மரம் நிறைந்த இடம் என்று பொருள் இல்லை, அரசனின் வேட்டைச் சட்டம் செல்லும் நிலம் என்றுதான் பொருள். இன்றைக்கும் இதில் கணிசமான பகுதி ஹீத் எனப்படும் குட்டைப்புதர் வெளியும் சதுப்பும் புல்வெளியும்தான். ஆகஸ்டில் ஊதாவாகப் பூத்துக்கிடக்கும் அந்தப் புதர், அக்டோபர் கடைசியில் துருப்பிடித்த பழுப்பாக இருக்கும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லிவைத்த பொன்னிற இலை அங்கே கிடைக்காது.

அதற்கு பீச் (beech) மரங்கள் வேண்டும். லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு மேற்கே போல்டர்வுட், அதையொட்டிய மார்க் ஆஷ் பகுதிகளில் பழைய பீச்சும் ஓக்கும் நிற்கின்றன. பிர்ச் முதலில் மஞ்சளாகும், அப்புறம் பீச் செம்புநிறத்துக்கு வரும், ஓக் கடைசிவரை பச்சையை விடாது. தென் இங்கிலாந்தில் பீச்சுக்கு உச்சம் பெரும்பாலும் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் என்பதால் உங்கள் தேதி நன்றாகவே அமைந்திருக்கிறது. ஒரு பெருங்காற்று அடித்தால் இரண்டே நாளில் கொட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இலை ஏன் நிறம் மாறுகிறது என்று மகன் கேட்டால் பதில் சுலபம்: பகல் குறையும்போது மரம் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்ததுதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்புதான் புதிதாக உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் அது தூக்கலாக வரும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். உங்கள் பிள்ளைகள் இந்த வாரத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்றால் அது இலையாக இருக்காது, பன்றியாகத்தான் இருக்கும். இலையுதிர் காலத்தில் நியூ ஃபாரஸ்டில் சில நூறு வீட்டுப் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிடுகிறார்கள். இதற்கு பேனேஜ் என்று பெயர், பல நூற்றாண்டுப் பழக்கம். காரணம் ஓக் கொட்டைகள். பச்சையாக விழும் ஓக் கொட்டையை அதிகம் தின்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், அதிலுள்ள டானின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்துவிடும். பன்றிக்கு அது விருந்து. ஆகவே குதிரைகளைக் காப்பாற்றப் பன்றி போகிறது, பன்றியும் கொழுத்துத் திரும்புகிறது. எப்போது தொடங்குவது என்பதை வெர்டரர்கள் என்ற பழைய அமைப்பும் காட்டை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தும் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் கொட்டை விழுவதைப் பார்த்து முடிவு செய்வார்கள். பெரும்பாலும் செப்டம்பரில் ஆரம்பம், குறைந்தது 60 நாள். நீங்கள் போகும்போது நடுச்சீசன். பன்றியின் மூக்கில் ஒரு வளையம் இருக்கும், நிலத்தைத் தோண்டிப் பாழாக்காமல் மேலே கிடப்பதை மட்டும் பொறுக்கித் தின்பதற்காக. தேடிப்போக வேண்டாம், ஓக் மரம் உள்ள சாலையோரத்தில் மெதுவாகப் போனால் அவையே வந்து குறுக்கே நிற்கும். காதில் கேட்கும் முதல் சத்தம் உறுமல் இல்லை, கொட்டையைக் கடிக்கும் நறநறப்பு. குட்டியோடு இருக்கும் தாய்ப்பன்றியின் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள், வளர்ப்புப் பிராணிதானே என்று நினைத்தால் தப்பு. உங்களிடம் நாய் இருந்தால் கயிற்றை விடக்கூடாது.

குதிரைகளும் அப்படித்தான். அவிழ்த்துவிட்ட மாதிரி சாலையில் நடக்கும் அந்தச் சின்னக் குதிரைகளைக் காட்டுக்குதிரை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. காமனர்கள் என்று அவர்களுக்குப் பெயர், மேய்ச்சல் உரிமை அவர்கள் வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. அஜிஸ்டர் எனப்படும் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறார்கள். மேய்ச்சல் கட்டணம் செலுத்திய குதிரையின் வால்மயிரை அந்தந்த அஜிஸ்டருக்குரிய வடிவத்தில் வெட்டிவிடுவார்கள், வாலைப் பார்த்தே எந்தப் பகுதிக் குதிரை என்று சொல்லிவிடலாம். இதை மகனிடம் சொல்லிவிடுங்கள், ஒரு நாள் முழுக்க வால் பார்த்துக்கொண்டே வருவான். ஆனால் ஊட்டுவதும் தடவுவதும் கூடாது. கேரட்டோடு வரும் கார்களுக்குப் பழகிய குதிரை சாலையோரத்திலேயே நிற்கும், கடிக்கவும் உதைக்கவும் கற்றுக்கொள்ளும், கடைசியில் இருட்டில் ஏதாவது ஒரு காரில் அடிபடும். 2023-இல் உள்ளூர் நிர்வாகம் இதற்கென்றே தடை போட்டது. திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவதற்கும் பார்பிக்யூவுக்கும் சேர்த்துத்தான். மீறினால் அபராதம்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலியில்லாத சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 40 மைல். மாலையானால் அதுவும் அதிகம் என்பது என் கருத்து. கருப்பு மாடும் பழுப்புக் குதிரையும் இருட்டில் தெரியாது, ஹாரன் அடித்தால் நகராது. கடிகாரம் மாறிய வாரத்தில் ஊர்க்காரர்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரம் திடீரென்று இருட்டுக்குள் விழுந்துவிடுகிறது, அதனால் விபத்துக்கு இது மோசமான காலம். அப்படி ஏதாவது நடந்து குதிரை, மாடு, கழுதை, ஆடு, பன்றி, நாய் இவற்றில் ஒன்று அடிபட்டால் நிறுத்தியாக வேண்டும், போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அது சட்டம். மான் அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் காயப்பட்ட மானை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கும் போலீஸையே கூப்பிடலாம். நாங்கள் இப்போதெல்லாம் நாலரைக்குமேல் காரை எடுப்பதே இல்லை என்று வைத்திருக்கிறோம். பாலும் ரொட்டியும் காலையிலேயே வாங்கியாகிவிடும்.

மான் என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபாலோ என்ற புள்ளிமான் வகைக்கு அக்டோபர்தான் இணைசேரும் பருவம். ஆண்மான் எழுப்பும் சத்தம் கம்பீரமான கர்ஜனை எல்லாம் இல்லை, வயிறு முட்டத் தின்றவர் தொடர்ந்து ஏப்பம் விடுவது மாதிரி இருக்கும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து மானை விரட்டிவிடுவார்கள். போல்டர்வுட்டில் மான் பார்ப்பதற்கென்றே ஒரு மேடை இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் போதும். இந்தப் பருவத்தில் ஆண்மானை நெருங்கிப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம், குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

காளானைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அக்டோபரில் காடு முழுக்கக் காளான், பிர்ச் மரத்தடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த ஃப்ளை அகாரிக்கை உங்கள் மகள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். பார்க்கட்டும், படுத்துக்கொண்டு தொப்பிக்கு அடியில் உள்ள மெல்லிய மடிப்புகளைப் பார்க்கட்டும், பறிக்க வேண்டாம். நியூ ஃபாரஸ்டில் பறிக்காதீர்கள் என்றுதான் ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்தும் கேட்டுக்கொள்கிறது. எனக்கு உண்மையான பயம் சிவப்புக் காளானைப் பார்த்து இல்லை. வெளிர்பச்சையில் சாதுவாக நிற்கும் டெத் கேப் என்பதைப் பார்த்துத்தான். சமைத்தாலும் அதன் விஷம் போகாது, பாதிக் காளானே ஆளைக் கொல்லலாம். தின்ற ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தியே தொடங்கும், நடுவில் ஒரு நாள் தேறிவிட்ட மாதிரி தோன்றும், அதற்குள் கல்லீரல் போயிருக்கும். தொடுவதால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவினால் போதும். போனில் படம் பிடித்து இது தின்னலாமா என்று செயலியிடம் கேட்டு முடிவெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

உண்ணி இன்னும் இருக்கும். குளிர் வந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள், மிதமான அக்டோபரில் பெரணிப் புதர்களில் இருந்து ஒட்டிக்கொள்ளும். இந்தக் காடு உண்ணிக்கடியால் வரும் லைம் நோய்க்குப் பேர்போன பகுதிகளில் ஒன்று. பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விடுங்கள், இரவில் குளிக்க வைக்கும்போது முழங்கால் பின்புறம், இடுக்கு, தலைமுடி ஓரம் பாருங்கள். எடுப்பதற்குக் கொக்கி மாதிரி ஒரு சின்னக் கருவி மருந்துக்கடையில் கிடைக்கும். வட்டமாகப் பரவும் தடிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் நாலு வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். கடித்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு, தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போங்கள். அப்புறம் சதுப்பு: ஹீத் வெளியில் பளிச்சென்ற பச்சையில் சமதளமாகத் தெரியும் இடம் புல்தரை இல்லை. ஒருமுறை என் பூட்ஸ் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டு இடம். ஒன்று ரைன்ஃபீல்ட் சாலையில் பிளாக்வாட்டர் கார் பார்க்கிலிருந்து தொடங்கும் உயர்மரப் பாதை. பாதை ஏறக்குறைய சமதளம், சரளை போட்டது, முழுச்சுற்று ஒன்றரை மைல்தான், எங்கே வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். 1850-களின் கடைசியில் நட்ட டக்ளஸ் ஃபர் மரங்களும், 50 மீட்டரைத் தாண்டிய இரண்டு ராட்சத சிக்கோயா மரங்களும் அங்கே நிற்கின்றன. ஊசியிலை என்பதால் நிறம் மாறாது, ஆனால் சிக்கோயாவின் பட்டையைக் குத்திப் பார்த்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், பிள்ளைகள் விடவே மாட்டார்கள். இன்னொன்று நைட்வுட் ஓக். 500 வயதைத் தாண்டியது, சுற்றளவு ஏழு மீட்டருக்குமேல், காரை விட்டுச் சில நிமிட நடை. ஆளுயரத்துக்குமேல் அடிமரத்தை வெட்டிவிட்டுத் துளிர்க்கவிடும் பழைய முறையில் வளர்ந்த மரம் அது. கடற்படைக்கு நல்ல மரம் வேண்டும் என்று 1698-இல் அந்த முறையைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். இந்த மரத்தில் அந்த வெட்டு அதற்கு முன்பே விழுந்திருக்கிறது.

காட்டேஜைப் பற்றி. பணம் கட்டியாகிவிட்டது, இருந்தாலும் இன்றைக்கே உரிமையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா, கழிவறை எந்தத் தளத்தில். பழைய வீடுகளின் மாடிப்படி செங்குத்தாக, ஒரு பக்கம் குறுகி, கைப்பிடி இல்லாமல் இருக்கும், மூட்டுவலிக்காரருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அது பெரிய சோதனை. மாடியில்தான் எல்லாம் என்றால் வரவேற்பறை சோபாவை விரித்துப் படுக்கையாக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். நடைவழிக்குச் செருகிவைக்கும் இரவுவிளக்கு இரண்டு எடுத்துப் போங்கள்.

விறகு ஸ்டவ் இருந்தால் எல்லா மாலைகளும் அதன் முன்னால்தான் கழியும், ஆகவே ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஈர விறகு எரியாது, புகையும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இங்கிலாந்தில் சின்ன மூட்டைகளில் விற்கும் விறகுக்கு 2021 முதல் இது சட்டமே. வீட்டுக்குப் பின்னால் மழையில் கிடக்கும் கட்டையை நம்பாதீர்கள், எங்களுக்கு ஒருமுறை அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், கண்ணெரிச்சலோடு படுத்தோம். பெரிய கட்டை இரண்டை அடியில், அதன்மேல் சின்னது, உச்சியில் சுள்ளி, சுள்ளிக்கு நெருப்பு. மேலிருந்து கீழே எரியவிட்டால் புகை குறையும். காற்றுத் துவாரத்தை முழுதாகத் திறந்து தொடங்கி, பிடித்தபிறகு குறையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பார்த்துப் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள், அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. சாம்பல் ஒரு நாளுக்குமேல் கனன்றுகொண்டே இருக்கும், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

தாழ்ந்த கூரை, சின்னச் சமையலறை, தலைக்கு மேலேயே புகை அலாரம். கடுகும் மிளகாயும் தாளித்த அடுத்த நிமிடம் ஊரே கேட்கிற மாதிரி அலறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, இடைக்கதவைச் சாத்திக்கொண்டு தாளியுங்கள், அலாரத்தைக் கழற்றி மட்டும் வைக்காதீர்கள். வைக்கோல் வேய்ந்த கூரை என்றால் இன்னும் கவனம்: சில ஆண்டுகளில் தீபாவளி இந்த வாரத்தையொட்டியே வரும், கம்பி மத்தாப்புகூட அங்கே கூடாது. கழிவு செப்டிக் டேங்குக்குப் போகும் வீடுகள் நிறைய, ஈரத் துடைப்பான்களைக் கழிவறையில் போட்டால் வாரம் நாறிவிடும். பிரஷர் குக்கரை எடுத்துப் போவதென்றால் அடுப்பு இன்டக்‌ஷனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை நிச்சயம் உண்டு, ஆளுக்கு இரண்டாவது ஜோடி காலணியும் நல்ல ரெயின்கோட்டும் இருந்தால் மழையிலும் பீச் காட்டுக்குப் போகலாம். நனைந்த இலைதான் இன்னும் ஜொலிக்கும் என்பேன்.

ஐந்து மணிக்கு இருட்டிவிடுகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ஆளுக்கொரு டார்ச் கொடுத்துத் தோட்டத்து வாசல்வரை கூட்டிப்போய், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். இளம் ஆந்தைகள் தங்கள் எல்லையைப் பிடிக்கும் பருவம் இது, டானி ஆந்தைகள் இந்த மாதத்தில்தான் அதிகம் கத்தும். 'கீ-விக்' என்று ஒன்று கூப்பிடும், நடுங்கும் குரலில் 'ஹூ-ஹூ' என்று இன்னொன்று பதில் சொல்லும். பெரும்பாலும் முதல் குரல் பெண், இரண்டாவது ஆண். இரண்டு கட்டைவிரல் நடுவே ஓக் கொட்டையின் தொப்பியை வைத்து ஊதினால் விசில் வரும். முதல் நாளே பகலில் பழக்கிவைத்தால் மகன் ராத்திரி ஆந்தைக்குப் பதில் சொல்லப் பார்ப்பான். ஆந்தை ஏமாறாது, ஆனால் அவன் தூங்கமாட்டான்.

கிளம்பும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்கள். அதற்கு முன் பிள்ளைகளின் கோட்டுப் பைகளைக் கவிழ்த்துப் பாருங்கள். நாங்கள் ஒருமுறை பார்க்காமல் அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டோம், இருபத்தேழு ஓக் கொட்டை.